ஈர ஓட்டு

எங்கள் மேட்டுநிலத்தில் ஆட்டின் மேல் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் உரிமை ஆட்டுக்குச் சொந்தக்காரருக்குக் கிடையாது. கம்பளி கத்தரிக்க வருகிற ஆட்கள்தான் சொல்ல வேண்டும். ஈரக் கம்பளியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டினால் அவர்களுக்குத்தான் கொப்புளம் வரும், மூட்டு பிடிக்கும், காய்ச்சல் வரும். அதனால் சந்தேகமான நாளில் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துப் பார்ப்பார்கள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஈரம்' என்றோ 'காய்ந்தது' என்றோ எழுதி, மடித்துத் தேயிலை டின்னில் போடுவார்கள். யார் என்ன எழுதினார் என்று கேட்கக் கூடாது, சொல்லவும் கூடாது. ஈரம் ஜெயித்தால் அன்றைக்கு வேலை இல்லை. காய்ந்தது ஜெயித்தால், எதிர்த்து எழுதியவனும் முணுமுணுக்காமல் குனிந்து கத்தரிக்க வேண்டும்.

டின்னைத் திறந்து எண்ணுவது எங்கள் குழுவில் என் வேலை. நான் ஐவி, சமையல்காரி. எனக்கு ஆடும் கிடையாது, கத்தரியும் கிடையாது, ஆகவே எந்தப் பக்கமும் சாய மாட்டேன் என்று பத்தொன்பது வருஷமாக என்னை நம்பினார்கள். எண்ணி முடித்ததும் சீட்டுகளை அடுப்பில் போட்டுவிட வேண்டும். அதுவும் வழக்கம்.

ஆல்வின் பாஸ்கோவின் பண்ணைக்கு ஒவ்வொரு நவம்பரும், கோடை தொடங்கும் முன், போவோம். வால்ச்சா ஊரைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர், அதில் கடைசிப் பாதி மண்ரோடு. ஓடையின் மேல் ஒரு தரைப்பாலம் உண்டு. அதைக் கடந்தால் வீடு, தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய கத்தரிப்புக் கொட்டகை, நாங்கள் தங்கும் வரிசை அறைகள், என் சமையலறை. அந்த வருஷம் ஆல்வின் படுக்கையில் இருந்தார். இதயத்தில் மூன்று குழாய் அடைப்பு. எட்டு மாதம் காத்திருந்து சிட்னி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார்கள், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு. நாங்கள் கத்தரிப்பை ஆரம்பித்தது திங்கள். புதன் மாலைக்குள் முடித்துவிட்டால் அன்றைக்கே புறப்பட்டுவிடலாம் என்று மெரின் கணக்குப் போட்டிருந்தாள். மெரின் அவர் மனைவி.

செவ்வாய்க்கிழமை நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள்.

"மணி ஆறுகூட ஆகல, அதுக்குள்ள என்ன? டீ இருக்கு. ரொட்டி இன்னும் வேகல."

"எனக்கு ஒண்ணும் வேணாம் ஐவி."

"வேணாம்னா எதுக்கு அடுப்படியில வந்து நிக்கிற? உக்காரு."

உட்கார்ந்தாள். கோப்பையைக் கையில் கொடுத்தேன். குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி தூறல் போட்டுச்சே, கேட்டியா?"

"கேக்காம? என் தலைக்கு மேல வெறும் தகரம்தானே."

"ஆடு நனைஞ்சிருக்குமோ?"

"கொட்டகைக்கு அடியில நிக்கிற இருநூறு நனையாது. வெளிப்பட்டியில நிக்கிறதப் பத்தி அவனுங்கதான் சொல்லணும்."

"எண்ணூறு பெட்டை ஆடு பாக்கி இருக்கு. இன்னிக்கு நின்னுட்டா நாளைக்கு ஒரே நாள்ல முடியுமா?"

"முடியாது."

"வியாழக்கெழம நீங்க அடுத்த பண்ணைக்குப் போயிடுவீங்க. அவரு சொல்லிட்டாரு, கடைசி ஆடு முடியாம கட்டில விட்டு எறங்க மாட்டேன்னு. 'கோடைக்குக் கம்பளியோட விட்டுட்டுப் போனா ஈ மொய்ச்சு, புழு வெச்சு, உயிரோட தின்னுடும். நான் மட்டும் அங்க போயி மெத்தையில படுத்துக் கெடக்கவா'ங்கிறாரு."

"அந்தப் பிடிவாதத்தை அறுத்து எடுக்க டாக்டர் இல்லையா?"

அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தேதி கெடைக்காது ஐவி. கெடைச்சாலும் அதுவரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் என்கிட்ட தனியாச் சொல்லிட்டாரு. பெட்டியக்கூட நேத்தே கார்ல வெச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்குன்னு புதுப் பைஜாமா வாங்கினேன். பழசுக்கு என்ன குறைச்சல், நான் போட மாட்டேன்னு அதுக்கும் ஒரு சண்டை."

அவ்வளவுதான் சொன்னாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஆறரை மணிச் செய்தியில் செம்மறி வளர்ப்போருக்கான எச்சரிக்கை சொன்னார்கள். பிற்பகலில் இடி, மழை, கடும் குளிர்காற்று, புதிதாகக் கத்தரித்த ஆடுகளுக்கு ஆபத்து. வருஷத்துக்கு முப்பது தடவை அதைச் சொல்வார்கள், முப்பதில் இரண்டு பலிக்கும். கறித்துண்டு கருகுகிற வாசனை வந்ததால் ரேடியோவை அணைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரித்துவிட்டு ஐந்து பேரும் என் சமையலறைக்கு வந்தார்கள். குழுத் தலைவர் டார்சிக்கு அறுபத்தொன்று, முட்டி இரண்டும் போய்விட்டது. நோயலுக்கு எதைப் பார்த்தாலும் குறை. தமாதி நியூசிலாந்திலிருந்து வந்த மாவோரிப் பையன், தன்னைவிட மூத்த பெண்கள் எல்லாரும் அவனுக்கு ஆன்ட்டி. பிறகு ஷேன், மிக் என்ற அண்ணன் தம்பி. தம்பி மிக்குக்கு எழுத்து வராது. ஆட்டுக்குப் பின்னால் ஓடுவதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவன்.

டின் சுற்றி வந்தது. மெரின் வாசலில் நின்றாள்.

"சீக்கிரம் எண்ணு ஐவி, உன் கறித்துண்டு மாதிரி கருகிடப் போகுது" என்றான் ஷேன்.

"கருகினதை மூணு தட்டு தின்னது எவன்டா?"

சிரித்தார்கள். நான் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிச் சீட்டுகளைப் பிரித்தேன். முதலாவது ஈரம். அடுத்தது காய்ந்தது. ஈரம். காய்ந்தது. ஐந்தாவதில் எழுத்தே இல்லை. பென்சிலால் ஒரு தண்ணீர்த் துளி வரைந்திருந்தது, வால் நீண்ட துளி.

மூன்று ஈரம். இரண்டு காய்ந்தது.

"காய்ஞ்சது மூணு, ஈரம் ரெண்டு" என்றேன். சீட்டுகளை அடுப்பில் போட்டு மூடினேன்.

நோயல் முகத்தைச் சுளித்தான். மற்றவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்தபோது மெரின் என் முகத்தையே பார்த்தாள், பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அன்றைக்கு ரொட்டிகூட நன்றாக உப்பி வந்தது.

வெயில் ஏறியதும் எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. பட்டியில் நின்ற ஆடுகளின் மேல் ஆவி பறந்தது. கத்தரி இயந்திரங்களின் ரீங்காரம் காலை முழுக்கக் கேட்டது. கத்தரித்த பெட்டைகளை அவ்வப்போது ஓடைக்கரை மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டார்கள். அங்கே புல் நன்றாக இருக்கும், ஆனால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. வேலிக்கு அந்தப் பக்கம்தான் பைன் தோப்பு.

மதியம் ஆல்வினுக்கு சூப் கொண்டுபோனேன். தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, சன்னல் வழியாக பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரு ஐவி, கத்தரிச்சப்புறம் எவ்ளோ சின்னதாயிடுதுங்க. பாவமா இருக்கு."

"ஆட்டப் பாத்தது போதும், சூப்பக் குடிங்க."

"உப்பே இல்ல."

"டாக்டர் உத்தரவு. என்னைத் திட்டாதீங்க."

"டார்சி கெழவன் ஈரம்னு எழுதுவான்னு நெனச்சேன். அவன் முட்டிக்கு."

"யாரு என்ன எழுதினாங்கன்னு பேசக் கூடாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

"பேசல. நெனச்சேன்னுதான் சொன்னேன்." அவர் மறுபடி வெளியே பார்த்தார். "காத்து மாறுது. நான் கத்தரிக்காரனா இருந்தா ஈரம்னுதான் எழுதியிருப்பேன். நல்லவேளை, எனக்கு ஓட்டு இல்ல."

தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று மணித் தேநீருக்கு கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது சமையலறை இருண்டது. மேற்கே வானம் பச்சையாக இருந்தது. கருமேகத்தைப் பார்த்து எங்கள் ஊரில் யாரும் பயப்பட மாட்டார்கள். பச்சை வானம் என்றால் ஆலங்கட்டி வருகிறது என்று அர்த்தம். காற்று அப்படியே நின்றது. பிறகு குளிர்பெட்டியைத் திறந்தது போல ஒரு சில்லிப்பு. முதல் கல் தகரத்தில் விழுந்தபோது எவனோ எறிகிறான் என்று நினைத்தேன். அடுத்தது, அதற்கடுத்தது. பிறகு எண்ண முடியவில்லை. பட்டாணி அளவில் ஆரம்பித்து முட்டை அளவுக்கு வந்தது. சன்னல் கண்ணாடி உள்ளே கொட்டியது. நான் கத்தினேன், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

அந்த வெள்ளைத் திரைக்குள் வீட்டுப் பக்கமிருந்து ஒரு வண்டி புறப்படுவதைப் பார்த்தேன். பழைய பிக்கப் வண்டி. ஓட்டக்கூடிய மற்றவர்கள் எல்லாரும் கொட்டகையில் இருந்தார்கள்.

"அடப் பாவி மனுஷா!"

கேக் தட்டைக் காலி செய்து தலைமேல் கவிழ்த்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். அறுபது தப்படிதான் இருக்கும். மணிக்கட்டில் ஒரு கல் பட்டது, குளிர்காலத்தில் இப்போதும் அங்கே வலிக்கும். மெரின் கம்பளி பிரிக்கிற மேசையில் இருந்தாள். நான் வாயை அசைத்ததிலேயே புரிந்துகொண்டு கையிலிருந்த கம்பளியைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசலில் தமாதி அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டான்.

"விடுடா என்னை! நெஞ்சு வலிக்காரருடா அவரு! விடு!"

"உங்க மண்டை ஒடைஞ்சா அவரை யாரு தூக்கறது? கொஞ்சம் பொறுங்க ஆன்ட்டி. கொஞ்சம்தான்."

பத்து நிமிஷம் அவளைப் பிடித்திருந்தான். அவள் அவன் கையைப் பிராண்டி ரத்தம் வரவைத்தாள். கல் நின்று மழை பிடித்ததும் விட்டான். கணுக்கால் வரை பனிக்கட்டி, அதற்கு மேல் ஓடுகிற தண்ணீர். ஓடை கரையைத் தாண்டிக்கொண்டிருந்தது. தரைப்பாலம் இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்தது.

கத்தரித்த ஆடு குளிர்காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கும். வேலி தடுத்த இடத்தில் நின்று, பின்னால் வருவது முன்னால் நிற்பதன் மேல் ஏறி, குவியலாகச் சாகும். ஓடைக்கரை மேய்ச்சலின் வேலி மூலையில் அப்படித்தான் கிடந்தன. வண்டி பள்ளத்தில் சிக்கியிருந்தது, முன்கண்ணாடி முழுக்க விரிசல். அங்கிருந்து முந்நூறு தப்படி அவர் நடந்திருக்கிறார். வேலியில் ஐந்து கம்பியையும் வெட்டியிருந்தார். அந்த வழியாகப் போன ஆடுகள் பைன் மரங்களுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆல்வின் மூலைக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பழைய பைஜாமா, பூட்ஸ், கையில் குறடு. மெரின் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். தமாதிதான் கடைசியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

அவரை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது கொட்டகையைத் தாண்டித்தான் வந்தோம். அதன் அடியில் கம்பளியோடு இருநூறு ஆடு ஒரு சொட்டு நனையாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தன. மறுநாள் கத்தரிக்கக் காய்ந்திருக்க வேண்டுமே என்று மதியம்தான் அந்த இடத்தை அவற்றுக்குக் கொடுத்திருந்தோம்.

புதன்கிழமை மழை நின்றது, வெள்ளம் வடியவில்லை. மீட்புப் படகு வியாழன் மதியம்தான் வர முடியும் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார்கள். அதுவரை ஆல்வினின் உடல் அவருடைய அறையிலேயே இருக்க வேண்டியதுதான். யாரும் சொல்லாமலே ஆட்கள் எழுந்து, மேட்டில் டிராக்டரால் குழி தோண்டி, செத்த ஆடுகளை இழுத்துப் போட்டார்கள். இருநூற்று அறுபது. மதியம் வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். ஆட்டுக்கறியைத் தொட எனக்கு மனசு வரவில்லை. முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்தேன்.

டார்சி முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான் காய்ஞ்சதுன்னு எழுதினேன்."

"டார்சி, அதெல்லாம் பேசக் கூடாது" என்றான் நோயல்.

"பேசாம? உள்ளயே வெச்சுக்கிட்டுச் சாகட்டுமா? நாப்பது வருஷமா ஆட்டத் தொட்ட கை இது. கழுத்துல ஈரம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் எழுதினேன். அந்த மனுஷன் சிட்னி போவணுமேன்னு எழுதினேன். கொன்னுட்டேன்டா." அந்தப் பெரிய மனுஷர் தட்டுக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஷேன் அவர் முதுகில் கை வைத்தான். "நானும்தான் எழுதினேன். அழாதீங்க. நீங்க மட்டுமில்ல."

தமாதி சொன்னான். "நான் ஈரம்னு எழுதினேன்."

"நானும் ஈரம்தான்" என்றான் நோயல்.

எல்லாரும் மிக்கைப் பார்த்தார்கள்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? நானும் ஈரம்தான் போட்டேன்."

"பொய் சொல்லாதடா" என்றான் ஷேன். "மூணாவது காய்ஞ்சது அப்ப யாரோடது? பேயோடதா?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஈரம் போட்டேன். அம்மா மேல சத்தியமா."

"அம்மாவ இழுத்தே, பல்லப் பேத்துடுவேன். அவரு வாய்விட்டு ஒத்துக்கிறாரு. நான் ஒத்துக்கிறேன். உனக்கு மட்டும் என்ன கேடு? சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் நீ. செய்யறதச் செஞ்சிட்டு முழிப்ப."

"போடலைடா ஷேன். போடவே இல்லடா."

மிக் எழுந்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து பூட்ஸை மாட்ட ஆரம்பித்தான்.

நான் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட்டு எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பலையும் கொட்டியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தன் பொய்யன் என்று பெயர் வாங்கிக்கொண்டு பண்ணை பண்ணையாகச் சுற்றுவான், அவ்வளவுதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டு கோப்பைக்கு டீ ஊற்றுகிற நேரம் வரைக்கும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

"மிக், உள்ள வா."

அவன் வரவில்லை. தலையை மட்டும் திருப்பினான்.

"நீ துளி வரைஞ்சிருந்த. வால் நீட்டமா, ஒரு தண்ணித் துளி. கடைசிச் சீட்டு உன்னோடது." பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். "மூணு ஈரம், ரெண்டு காய்ஞ்சது. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"ஆன்ட்டி..." என்றான் தமாதி. ஷேன் எழுந்து போய்த் தம்பிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். நோயல், எப்போதும் குறை சொல்கிறவன், தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

டார்சி முகத்தைத் துடைத்தார். "பத்தொம்பது வருஷம் ஐவி."

"ஆமா."

"மெரின்கிட்ட போய்ச் சொல்லு. இப்பவே போ. எங்க வாயால சொல்ல மாட்டோம்."

வீட்டுச் சமையலறையில் மெரின் தனியாக இருந்தாள். அந்தக் குறட்டின் சேற்றைக் கழுவித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ரேடியோவை அணைத்தது உட்பட. அவள் துடைப்பதை நிறுத்தவே இல்லை.

"திட்டு மெரின். அடி. எதையாவது எடுத்து எறி."

"எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சீட்ட அடுப்புல போட்டுட்டுத் திரும்பி என்னைப் பாத்தே பாரு. அப்பவே தெரியும்." குறட்டை மேசைமேல் வைத்தாள். "ஓட்ட எண்ணுறது யாருன்னு தெரியாமலா அன்னிக்கு விடியக்காலையில உன் அடுப்படியில வந்து உக்காந்தேன்?"

"நீ என்கிட்ட ஒண்ணுமே கேக்கலியே."

"கேட்டிருந்தா நீ முடியாதுன்னிருப்ப."

அப்போதுதான் உட்கார்ந்தேன். அவளுக்கு அழுகை வந்தது, சத்தமில்லாமல் நெடுநேரம் அழுதாள். நானும் அழுதேன். ஒருத்தி கையை ஒருத்தி பிடிக்கவில்லை.

பிறகு அவள் சொன்னாள். "கார்ல அவரு பெட்டி இருக்கு. எடுத்துட்டு வா. என்னால முடியாது."

காரின் கூரை முழுக்கக் குழி குழியாக இருந்தது. பெட்டி கனமே இல்லை. ஒரு சவரக் கத்தி, ஒரு ஜோடி செருப்பு, ஆட்டுக்கிடா விற்பனைப் புத்தகம் ஒன்று, அந்தப் புதுப் பைஜாமா. சட்டையும் கால்சட்டையுமாக நீலக் கோடு போட்டது, கடையில் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது.

"நாளைக்குப் படகுல வர்றவங்க முன்னாடி சேத்துத் துணியோட கெடக்க வேணாம்" என்றாள் மெரின். "புதுசு போட மாட்டேன்னு அவ்ளோ சண்டை. இப்ப என்ன பண்ணுவாரு."

மேசைமேல் விரித்து, துணியில் குத்தியிருந்த குண்டூசிகளை இரண்டு பேரும் எடுத்தோம். காலரில், கையில், பையில் என்று எங்கெல்லாமோ குத்தி வைத்திருந்தார்கள். எடுத்து எடுத்து ஒரு சாசரில் போட்டோம்.

"எல்லாம் எடுத்தாச்சா? அவருக்குக் குத்தக் கூடாது. அட்டையில பதினொண்ணுன்னு போட்டிருக்கு. எண்ணிப் பாரு."

சாசரை அவள் பக்கம் தள்ளினேன். "நீயே எண்ணிடு மெரின்."

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ண ஆரம்பித்தாள்.